மணியோசையும் குறுக்கீடும்: எந்திரத்தின் காலம் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

தமிழில் நேரத்துக்கு 'மணி' என்று பெயர். 'மணி என்ன?' என்று ஒருவரை நிறுத்திக் கேட்கும்போது, இதுவரை எத்தனை முறை அடித்தாயிற்று என்றுதான் கேட்கிறோம். காலம் நமக்குக் காதுவழியாக வந்து சேர்ந்திருக்கிறது. கோயிலில், பள்ளிக்கூடத்தில், ஆலையில், ஜெயிலில் யாரோ ஒருவர் மணி அடித்தார். மற்றவர்கள் செய்துகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்கள். அடிப்பவர், எழுந்திருப்பவர் என்ற இந்தப் பிரிவினை நேரம் என்ற சொல்லுக்குள்ளேயே ஒளிந்து கிடக்கிறது.

அதற்கும் முன்னால் நாழிகை. முல்லைப்பாட்டில் பாசறைக் காட்சி ஒன்று வருகிறது. பொழுதை அளந்து சொல்லும் நாழிகைக் கணக்கர்கள் அரசன் முன் வந்து, தொழுது, வாழ்த்தி, நீர்க் கன்னலில் எவ்வளவு பொழுது கழிந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். இதைப் பாடம் நடத்துகிறவர்கள் முல்லை ஒழுக்கம், ஆற்றியிருத்தல் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். நின்று பார்த்தால் அங்கே ஒரு வேலைப் பிரிவினை தெரிகிறது. அரசன் வட்டிலைப் பார்ப்பதில்லை. அவனுக்குப் பதிலாக இன்னொருவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கணக்கன் இல்லையென்றால் அரசன் போரை யோசிப்பதை நிமிஷத்துக்கொரு முறை நிறுத்திவிட்டுத் தானே போய் வட்டிலை எட்டிப் பார்க்க வேண்டும்.

கணினிக்காரர்கள் 1950களில் எதிர்கொண்ட பிரச்சினை இதுதான். அவர்கள் கண்டுபிடித்த தீர்வும் கணக்கன்தான். அதற்குப் பெயர் குறுக்கீடு. கணக்கன் காலத்தைச் சொல்கிறவனாக இருந்தால் டைமர் குறுக்கீடு.

தொழில்நுட்பம் பற்றிச் சிறுபத்திரிகைகளில் இரண்டு வகை எழுத்துதான் அதிகம் பார்த்திருக்கிறோம். ஒன்று வியப்பு, இன்னொன்று சாபம். இரண்டுக்கும் எந்திரத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் இருப்பதில்லை. 'அதிகாரம் எங்கும் நிறைந்திருக்கிறது' என்று எழுதிவிட்டு, அது எந்தக் கம்பி வழியாகப் போகிறது என்று பார்க்காமல் விட்டால் அது பக்தி இலக்கியம் ஆகிவிடும். இங்கே கொஞ்சம் திறந்து பார்க்கலாம்.

2

கைக்கடிகாரத்திலும் பல சின்னக் கருவிகளிலும் உள்ள குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த எண் என்றால், இரண்டால் பதினைந்து முறை வகுத்துக்கொண்டே போனால் சரியாக ஒன்றில் வந்து நிற்கும். சிப்புக்குள் ஒரு எண்ணி இந்த அதிர்வுகளை எண்ணுகிறது. பக்கத்தில் இன்னொரு ரெஜிஸ்டர். அதில் மனிதன் ஒரு எண்ணை எழுதி வைத்திருக்கிறான். எண்ணியும் அந்த எண்ணும் ஒன்றானதும் ஒரு கொடி உயர்கிறது. ஒரு கம்பியில் மின்னழுத்தம் மாறுகிறது.

பிராசஸர் அந்த நொடியில் வேறு ஏதோ வேலையில் இருக்கிறது. கையில் இருக்கும் கட்டளையை முடிக்கிறது. எந்த இடத்தில் விட்டோம் என்பதைக் குறித்து வைக்கிறது. முன்பே எழுதிவைக்கப்பட்ட முகவரி ஒன்றுக்குத் தாவுகிறது. அங்கே உள்ள சிறு நிரல், 'குறுக்கீடு கையாளி', ஓடுகிறது. வேலை முடிந்ததும் குறித்த இடத்துக்குத் திரும்பி, விட்ட வேலையைத் தொடர்கிறது. குறுக்கிடப்பட்ட நிரலுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அதன் அனுபவத்தில் காலம் அறுபடவே இல்லை. மயக்க மருந்து கொடுக்கப்பட்டவனுக்கு அறுவைச் சிகிச்சை நேரம் இல்லாமல் போவதைப் போல.

கையாளி வெளியேறுமுன் உயர்ந்த கொடியை இறக்கிவிட வேண்டும். மறந்தால் போச்சு. திரும்பிய மறுகணம் அதே மணி, மறுபடி அதே மணி. எந்திரம் மணிக்கு எழுந்திருப்பதைத் தவிர வேறு எதையும் செய்யாது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு உறைந்துபோனது மாதிரி இருக்கும். உள்ளே அது உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருக்கும். இந்தத் தவறைச் செய்யாமல் டிரைவர் எழுதக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு.

டிரைவர் என்றால் வண்டியோட்டி இல்லை. ஒரு குறிப்பிட்ட கருவியின் பாஷை தெரிந்த, கெர்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளன். கெர்னல் எந்திரத்தின் அரசு. குறுக்கீடுகளை அடைத்து வைக்கவும் திறந்து விடவும் உரிமை கெர்னலுக்கு மட்டும்தான். சாதாரண நிரல், அதாவது நாமெல்லாம் 'பயனாளர்' என்ற பெயரில் ஓட்டும் நிரல், 'என்னைக் கொஞ்ச நேரம் தொந்தரவு செய்யாதே' என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டளையைச் சொல்ல முயன்றாலே அது குற்றமாகி, நிரல் கொல்லப்படும். குறுக்கிடும் உரிமையைவிட, குறுக்கீட்டை மறுக்கும் உரிமைதான் அதிகாரத்தின் இருப்பிடத்தைச் சரியாகக் காட்டிக்கொடுக்கிறது.

3

குறுக்கீட்டைக் கண்டு முதலில் பயந்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் கணினியியலின் பெரும் சிந்தனையாளராகக் கருதப்பட்ட எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1950களின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாமில் எலெக்ட்ரோலாஜிகா எக்ஸ்-1 என்ற எந்திரத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். லூப்ஸ்ட்ரா, ஷோல்டன் என்ற சக வடிவமைப்பாளர்கள் இருவரும் குறுக்கீட்டைச் சேர்க்கலாம் என்றபோது டைக்ஸ்ட்ரா கலங்கிப் போனதையும், முடிவைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டதையும் அவரே பின்னாளில் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார்.

பயத்தின் காரணம் முக்கியம். அதுவரை கணினி ஒரு நிர்ணயவாத எந்திரம். அதே நிரலை, அதே தரவுடன் மறுபடி ஓட்டினால் அதே விடைதான் வரும். தவறு இருந்தால் அதே தவறு திரும்ப வரும், பிடித்துவிடலாம். குறுக்கீடு வந்ததும் வெளியுலகின் காலம் எந்திரத்துக்குள் நுழைந்துவிட்டது. எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் மணி அடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயிரம் முறை சரியாக ஓடிய நிரல் ஆயிரத்தோராவது முறை, மணி ஒரு கட்டளை முந்தி அடித்ததால், தப்பாகப் போகும். திரும்ப ஓட்டிக் காட்டு என்றால் காட்ட முடியாது. வேறு வார்த்தையில் சொன்னால், எந்திரத்துக்குள் வரலாறு நுழைந்தது. திரும்ப நிகழாதது எதுவோ அதுதானே வரலாறு.

டைக்ஸ்ட்ரா கடைசியில் ஒத்துக்கொண்டார். எக்ஸ்-1இன் குறுக்கீட்டைக் கையாளும் நிரலே அவருடைய 1959ஆம் ஆண்டு ஆய்வேட்டின் பொருளாயிற்று. நிச்சயமின்மையை ஒழிக்க முடியாது. அதனோடு வாழ ஒரு ஒழுக்கம் வேண்டும் என்பதே அவருடைய பிற்கால வேலையின் சாரம். 1960களில் அவர் உருவாக்கிய கருத்தாக்கம் ஒன்றுக்கு 'செமஃபோர்' என்று பேர். ரயில்வே கைகாட்டி மரம்தான் அது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டி மோதாமலிருக்கக் கைகாட்டி. ஒரே நினைவிடத்தில் இரண்டு நிரல் மோதாமலிருக்கச் செமஃபோர். ரயில் உலகத்துக்கு ஒரே நேரத்தைக் கற்றுக்கொடுத்தது. அதன் கைகாட்டி எந்திரத்துக்குள்ளும் வந்து நின்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

4

அடுத்த காட்சி அமெரிக்கா. அங்கே கணினி என்பது கோடிக்கணக்கில் விலையுள்ள ஒரே ஒரு எந்திரம். வாசலில் அட்டைக் கட்டுகளுடன் ஆராய்ச்சியாளர்கள் வரிசை. கொடுத்துவிட்டுப் போனால் விடை மறுநாள் வரும். ஒரு காற்புள்ளி தப்பென்றால் இன்னொரு நாள். 1959 ஜனவரியில் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி ஒரு குறிப்பு எழுதினார்: எந்திரத்தின் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். 1961 நவம்பரில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு அதை ஓட்டிக் காட்டியது. அதன் இதயம் டைமர் குறுக்கீடு. ஒருவருடைய துண்டு முடிந்ததும் மணி; அடுத்தவர். ஒவ்வொருவருக்கும் எந்திரம் முழுக்கத் தனக்கே சொந்தம் என்ற மயக்கம்.

இந்த இடத்தில் நம் விமர்சன மரபு கை துறுதுறுக்கும். நேரத்தைத் துண்டாக்கு, ஒவ்வொரு துண்டையும் கண்காணி, மணி அடித்தால் நகர்த்து: ஃபூக்கோ 1975இல் எழுதியது கண்முன் நிற்கிறதே என்று. ஈ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய நீண்ட கட்டுரையையும் துணைக்கு இழுக்கலாம். ஆலைக்காலத்தின் தொடக்கத்தில் முதலாளிகள் கடிகாரத்தைக் காலையில் முன்னுக்கும் மாலையில் பின்னுக்கும் தள்ளி வைத்ததையும், தொழிலாளி கையில் கடிகாரம் இருந்தால் பறித்துக்கொண்டதையும் அவர் சாட்சியங்களோடு காட்டுகிறார். ஆக, டைமர் குறுக்கீடு என்பது சிலிக்கானில் செய்த ஆலைச் சங்கு. கட்டுரை முடிந்தது.

முடியவில்லை. மணி அடிக்காத எந்திரம் எப்படி இருந்தது என்றும் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் விண்டோஸ் 3.1 ஓடிய கணினிகளை உபயோகித்தவர்களுக்கு நினைவிருக்கும். அதில் அந்த விண்டோஸுக்கென எழுதப்பட்ட நிரல்கள் தாமாக மனமுவந்து இடம்விட வேண்டும் என்பது ஏற்பாடு. 'கூட்டுறவு' என்று அழகான பெயரும் வைத்திருந்தார்கள். எவனாவது ஒருவன் விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் எல்லாம் ஸ்தம்பித்துவிடும். மின்சாரத்தை நிறுத்தித்தான் விடுதலை. குறுக்கிட ஒரு மணி இல்லாத இடத்தில் கூட்டுறவு என்பது வலுத்தவனின் நல்லெண்ணத்தை நம்பி வாழ்வதுதான். டைக்ஸ்ட்ராவின் 1968ஆம் ஆண்டுக் கட்டுரையும் கடிகாரக் குறுக்கீட்டுக்கு இந்தக் காரணத்தையே சொல்கிறது: எந்த ஒரு செயலும் எந்திரத்தை ஏகபோகமாக வைத்துக்கொள்ளாமல் தடுக்க. ஏகபோகத்தை உடைக்கிற மணியும் ஒழுங்குக்கு அடிபணிய வைக்கிற மணியும் ஒரே மணியாக இருக்கிறது.

தாம்ப்சனை முழுதாகப் படித்தாலும் இந்த இடத்துக்கே வந்து சேருவோம். முதல் தலைமுறைத் தொழிலாளிக்கு முதலாளி நேரத்தின் அருமையைக் கற்பித்தான். இரண்டாம் தலைமுறை வேலைநேரக் குறைப்புக் குழுக்களை அமைத்தது. மூன்றாம் தலைமுறை மிகைநேரக் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தது என்கிறார் அவர். எட்டு மணிநேர வேலை என்ற கோரிக்கையைக் கடிகாரம் இல்லாமல் எழுப்பவே முடியாது. மணியை எதிர்ப்பதா வேண்டாமா என்பதை விட்டுவிட்டு, ரெஜிஸ்டரில் எண்ணை எழுதுகிறவன் யார் என்று கேட்கப் பழக வேண்டும்.

5

இனி இரண்டு சம்பவங்கள். இரண்டையும் இணைப்பது ரேதியான் என்ற அமெரிக்க நிறுவனம்.

1969 ஜூலை 20. அப்போலோ 11இன் நிலாவண்டி இறங்கிக்கொண்டிருக்கிறது. கணினி 1202 என்று அபாய அறிவிப்பு காட்டுகிறது, பிறகு 1201. சந்திப்பு ரேடாரின் மின்சுற்று அனுப்பிய வீண் துடிப்புகள் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. வேலை மிஞ்சிப் போய்விட்டது. அந்தக் கணினியில் டைமர் குறுக்கீட்டில் ஓடும் வேலைகள் சில மில்லிவினாடிக்குள் முடிந்தாக வேண்டும். நீளமான வேலைகளை முன்னுரிமை வரிசைக்கு ஒப்படைக்க வேண்டும். ஹால் லேனிங் வகுத்த இந்த ஏற்பாட்டால், எந்திரம் தன்னை மறுதொடக்கம் செய்து, அவசியமற்றதைக் கைவிட்டு, இறங்குவதற்கு வேண்டியதை மட்டும் பிடித்துக்கொண்டது.

அந்தக் கணினியின் நிரல் எழுத்தாக இல்லை, நெசவாக இருந்தது. மாசசூசெட்ஸில் வால்தம் என்ற ஊரில் ரேதியான் ஆலையில் பெண் தொழிலாளிகள் காந்த வளையங்களுக்கு உள்ளும் வெளியும் செப்புக் கம்பியைக் கோத்தார்கள். உள்ளே போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். வால்தம் ஒரு நூற்றாண்டுக் காலம் கைக்கடிகாரத்துக்குப் பெயர்போன ஊர். பொறியாளர்கள் இந்த நினைவகத்துக்குச் சூட்டிய பட்டப்பெயர் 'கிழவிகளின் நினைவகம்'. நிலவில் கால் வைத்தவர்களின் பெயர் நமக்கு மனப்பாடம். கம்பி கோத்த கைகளுக்குக் கிடைத்தது ஒரு கேலிப்பெயர்.

இரண்டாவது சம்பவம். 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தாஹ்ரான். ரேதியான் தயாரித்த பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, வந்துகொண்டிருந்த இராக்கிய ஸ்கட் ஏவுகணையைப் பிடிக்கத் தவறியது. 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். காரணம் கடிகாரம். அமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு வினாடியை ஒன்றாக எண்ணியது. அந்த எண்ணிக்கையை வினாடியாக்கப் பத்தில் ஒன்றால் பெருக்க வேண்டும். பத்தில் ஒன்று நம் எழுத்தில் சின்ன எண். இரும எழுத்தில் முடிவில்லாத எண். 24 பிட்டில் வெட்டினார்கள். வெட்டியதால் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை. அமைப்பு தொடர்ந்து 100 மணிநேரத்துக்கும் மேல் ஓடியிருந்தது. 36 லட்சம் எண்ணிக்கை. பிழை சேர்ந்து 0.34 வினாடி. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ரேடார் தவறான வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 1992இல் வெளியிட்ட அறிக்கை இதையெல்லாம் சொல்கிறது. இஸ்ரேலியர்கள் பிப்ரவரி 11ஆம் தேதியே இந்த நகர்வை எச்சரித்திருந்தார்கள். 21ஆம் தேதி, 'மிக நீண்ட நேரம்' ஓட்டினால் சிக்கல் வரும் என்று படைக்குச் செய்தி போயிற்று. எவ்வளவு நீண்ட நேரம் என்று அதில் இல்லை. திருத்தப்பட்ட நிரல் தாஹ்ரான் வந்து சேர்ந்தது 26ஆம் தேதி. ஒரு நாள் தாமதம்.

ஐரோப்பாவில் அடிக்கடி இடம் மாற்றி, சில மணிநேரம் மட்டும் ஓட்டுவதற்காக வடிவமைக்கப்பட்ட அமைப்பு அது. பாலைவனத்தில் ஒரே இடத்தில் நாள்கணக்கில் ஓட்டினார்கள். 'பிழை' என்று இதை ஒரு நிரலாளன் தலையில் கட்டுவது வசதி. எவ்வளவு நேரம் இது ஓடும் என்ற அனுமானம்தான் பிழைத்தது. அனுமானத்தை மாற்றியது போர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 28 பேரின் சாவு வினாடியின் நூறில் ஒரு பங்குவரை கணக்கிடப்பட்டிருக்கிறது. அதே போரில் செத்த இராக்கியர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரு எண் இல்லை. துல்லியமும் ஒரு பங்கீடுதான். சிலருக்கு அது தசமபுள்ளி வரை கிடைக்கிறது; சிலருக்கு ஆயிரக்கணக்கில் கூட்டிக் கழிக்கப்படுகிறது.

6

1991இல்தான் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கினார். இன்று வீட்டுப் பெட்டிகளிலிருந்து தொழிற்சாலை எந்திரம்வரை உட்பொதிந்து கிடப்பது அது. ஆரம்பத்தில் சாதாரணக் கணினிகளில் அதன் மணி வினாடிக்கு 100 முறை அடித்தது. 2003 இறுதியில் வந்த 2.6 பதிப்பில் 1000 முறை. மணி அடிக்க அடிக்க எந்திரம் சுறுசுறுப்பாக இருக்கும் என்பது எண்ணம். விளைவு, வேலை ஒன்றுமே இல்லாதபோதும் வினாடிக்கு ஆயிரம் முறை எழுந்து 'வேலை இருக்கா?' என்று கேட்டுவிட்டுப் படுத்தது. மேஸ்திரிக்குப் பயந்து சும்மாவே மண்வெட்டியை அசைத்துக்கொண்டிருக்கும் கூலியாள் மாதிரி. பேட்டரி தீர்ந்தது. 2005இல் 250 ஆகக் குறைத்தார்கள். 2007இல் 2.6.21 பதிப்பில் வேறு வழி வந்தது: வேலை இல்லையென்றால் மணியே இல்லை. அடுத்த வேலை எப்போதோ அப்போதைக்கு மட்டும் டைமரில் ஒரு எண்ணை எழுதிவிட்டு உறங்கலாம்.

டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இந்த உலகத்தில் கறாரான ஒழுக்கவிதிகள் உண்டு. மருத்துவமனையில் நோயாளிக்கு மருந்தைக் கொஞ்சங்கொஞ்சமாகச் செலுத்தும் பம்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு டைமர் குறுக்கீட்டுக்கும் மோட்டார் ஒரு அடி நகர வேண்டும். அந்தக் குறுக்கீட்டுக்குள் இருக்கும்போது டிரைவர் தூங்கக் கூடாது. எதற்கும் காத்திருக்கக் கூடாது. அவசியமானதை மட்டும் செய்துவிட்டு, மிச்சத்தைப் பின்னால் ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். முதல் பகுதிக்கு 'மேல் பாதி', ஒப்படைக்கப்பட்ட வேலைக்குக் 'கீழ் பாதி' என்று லினக்ஸ்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மேல் பாதி நொடியில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். சுமை கீழ் பாதிக்கு. பெயர் வைத்தவர்களுக்குச் சமூகவியல் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனாலும் இந்த உலகத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ள இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர். கணினி திரும்பத் திரும்பத் தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டது. வானிலைத் தகவல் சேகரிக்கும் கடைநிலை வேலையின் கையில் ஒரு பொதுப் பூட்டு. உயர்நிலை வேலை ஒன்று அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. நடுத்தர வேலைகள் புகுந்து கடைநிலையை ஓடவிடாமல் தடுக்கின்றன. ஆக, நடுவில் உள்ளவனால் மேலே உள்ளதும் நிற்கிறது. பூமியிலிருந்து அனுப்பிய திருத்தம் கடைநிலையைத் தண்டிக்கவில்லை. பூட்டு கையில் இருக்கும்வரை அதற்கு மேல்நிலையின் முன்னுரிமையையே கொடுத்தது. முன்னுரிமை வாரிசுரிமை என்ற இந்த முறையை 1990இல் ஆராய்ந்து எழுதிய மூவர் லூயி ஷா, ராகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோச்கி. ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றுப் போனவர். எல்லோரும் காத்திருக்கும் பொருள் கடைசி ஆள் கையில் இருக்கிறது என்றால், அவனை முன்னுக்குக் கொண்டுவராமல் யாரும் நகர முடியாது. கணிதத்தில் நிரூபணமான விஷயம் இது.

இரண்டாவது, சராசரியை நம்பாமை. நிகழ்நேர அமைப்பை எழுதுகிறவனிடம் போய் 'சராசரியாகத் தாமதம் ரொம்பக் குறைவு' என்றால் சிரிப்பான். லட்சம் முறை சரியாக நகர்ந்து ஒரே ஒரு முறை தவறிய பம்பின் சராசரி அருமையாகவே இருக்கும். அவன் கேட்பது ஒன்றுதான்: மிக மோசமான நிலையில் எவ்வளவு தாமதம்? வரிசையில் கடைசியில் நிற்பவனுக்கு எப்போது கிடைக்கும்? தனிநபர் சராசரி வருமானம் உயர்ந்துவிட்டது என்று புள்ளிவிவரம் வாசிக்கும் அரசாங்கங்களிடம் நாம் இத்தனை வருஷமாகக் கேட்டுவரும் கேள்வியும் அதுவே.

இந்தக் கேள்விக்காகவே லினக்ஸில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஒரு வேலை நடந்தது. 2024இல் 6.12 பதிப்பில் அது மைய நீரோட்டத்தில் சேர்ந்தது. அதன் முக்கியமான மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம்: பெரும்பாலான குறுக்கீடு கையாளிகளும் மற்ற வேலைகளைப் போல வரிசையில் நிறுத்தப்பட்டன. அதாவது, குறுக்கிடுகிறவனையும் குறுக்கிடலாம். கெர்னல் தன் சிறப்புரிமைகளில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தது. மொத்த வேகம் கொஞ்சம் குறையும். கடைசி ஆளுக்கு உத்தரவாதம் கிடைக்கும்.

எல்லாவற்றையும் குறுக்கிடலாம் என்று ஆனபிறகும் ஒன்றிரண்டு மட்டும் வரிசைக்கு வராமல் பழையபடியே இருக்கின்றன. அவற்றில் முதன்மையானது கடிகாரக் குறுக்கீடு. வரிசையை நடத்துவதே அது என்பதால் அதை வரிசையில் நிறுத்த முடியாது. முல்லைப்பாட்டின் கணக்கன் தொழுத கையோடு உள்ளே வருகிறான். அரசனைக் குறுக்கிட அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் எப்போது வரவேண்டும் என்பதை நீரும் வட்டிலும் தீர்மானிக்கின்றன. வட்டிலில் துளை போட்டவன் யார் என்று பாட்டில் இல்லை.

நம் கைபேசிகளில், ஆலைகளில், உணவுப் பொட்டலத்தோடு சிக்னலைத் தாண்டி ஓடும் பையனின் திரையில் எண்ணிக்கொண்டிருக்கும் அத்தனை டைமர்களிலும் யாரோ ஒரு எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண் இயற்கை இல்லை. எழுதப்பட்டது. எழுதப்பட்ட எதையும் திருத்தி எழுதலாம்.